பந்தயத் திடலும் நம் வீட்டு மோட்டார் சைக்கிளும்



தோட்டப்புறங்களிலும், தோட்டங்களை விட்டு வந்து நம்மவர்கள் குடியேறியிருக்கும் வீடமைப்புப் பகுதிகளிலும், மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. விடியுமுன் பெரட்டுக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அந்த இரண்டு சக்கரங்களை நம்பித்தான். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகிறது. எஞ்சினின் தலையைப் பிரிக்க வேண்டி வந்தாலோ, அந்த மாதத்து வரவு செலவே ஆட்டம் கண்டுவிடுகிறது.

எஞ்சினின் தலையைப் பிரிக்க வைக்கும் பொருள்களுள் முதன்மையானது வால்வு. கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே அகன்ற தலையும், பென்சிலைவிட மெல்லிய தண்டும் கொண்ட சிறு பொருள் அது. அந்தச் சிறு பொருளின் வரலாற்றைத்தான் இன்று நாம் காணப்போகிறோம். அந்த வரலாறு பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பந்தயத் திடல்களில் நிகழ்ந்தது. ஆனால் அதன் பயன் நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது.

முதலில், வால்வு என்ன வேலை செய்கிறது? எஞ்சினின் சிலிண்டரை ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒரு கதவு திறந்தால் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும். மற்றொன்று திறந்தால் எரிந்த புகை வெளியே போகும். இடையில் கலவை அழுத்தப்பட்டு வெடிக்கும் வேளையில் இரண்டு கதவுகளும் இறுக மூடியிருக்க வேண்டும். கதவைத் திறப்பது, கேம் என்னும் முட்டை வடிவ மேடுள்ள உருளை. மூடுவது, ஒரு ஸ்பிரிங். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் விட்ட இடைவெளி அது. அதைப் போலவே வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் உறுப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விடப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதை டேப்பட் இடைவெளி என்பார்கள். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் உயிர்நாடியே அதுதான்.

நான்கு வீச்சு எஞ்சினை 1876இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஆட்டோ என்பவர் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அவரிடம் பணியாற்றியிருந்த காட்லீப் டைம்லரும் வில்லெம் மைபாக்கும் 1885இல் ஒரு சிறு எஞ்சினை மரச்சட்ட வண்டியில் பொருத்தி ஓட்டினார்கள். பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று அதைச் சொல்வார்கள். அதன் வலிமை அரைக் குதிரைத் திறன்தான். அதில் புகை போகும் வால்வை மட்டுமே எஞ்சின் திறந்தது. காற்று வரும் வால்வுக்குத் திறப்பார் யாரும் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் அது தானே திறந்துகொள்ளும். மெதுவாக ஓடிய வரையில் அந்த ஏற்பாடு போதுமாக இருந்தது. வேகம் கூடியபோது அதனால் ஈடு கொடுக்க முடியவில்லை. பின்னர் இரண்டு வால்வுகளையும் கேமே திறக்கும் முறை வந்தது.

1907ஆம் ஆண்டு, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் டூரிஸ்ட் டிராபி என்னும் பந்தயம் தொடங்கியது. முதல் பந்தயத்தின் ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் வென்ற சார்லி காலியர் மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓட்டினார். இன்று நம் சாலையில் எந்தக் கப்சாயும் ஓடக்கூடிய வேகம் அது. 1911 முதல் பந்தயம் மலைச் சாலைக்கு மாறியது. ஒரு சுற்று ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஏற்றம், இறக்கம், மறுபடியும் ஏற்றம் என்று எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது. கடைக்குப் போய் வரும் வண்டியில் மாதக்கணக்கில் வெளிப்படாத பலவீனம் அந்தச் சாலையில் ஒரே பிற்பகலில் வெளிப்பட்டுவிடும்.

அப்படி வெளிப்பட்ட பலவீனங்களுள் முதலாவது, வெப்பம். புகை போகும் வால்வின் தலை 700 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறக்கூடியது. இரும்பு செக்கச் சிவக்கும் சூடு அது. அவ்வளவு சூட்டை அது எப்படித் தாங்குகிறது? வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அதன் விளிம்பு, சிலிண்டர் தலையில் பதித்துள்ள வளையத்தின்மீது உட்காருகிறது. அந்த வளையத்துக்கு இருக்கை என்று பெயர். வால்வின் சூட்டில் பெரும்பகுதி இருக்கை வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே, சரியாக உட்காராத வால்வுக்குக் குளிர வழியில்லை. குளிராத வால்வு எரியும், விளிம்பு கருகிப் பிளக்கும், சில வேளைகளில் தலையே அறுந்து சிலிண்டருக்குள் விழும்.

இந்த வெப்பத்துக்கு ஒரு மருந்து 1920களில் அமெரிக்காவில் விமான எஞ்சின்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. சாமுவேல் ஹெரான் என்னும் பொறியியலாளர், வால்வின் தண்டை உட்குழிவாக்கி அதில் ஓரளவு சோடியத்தை அடைத்தார். சோடியம் 98 பாகையில் உருகிவிடும் உலோகம். வால்வு மேலும் கீழும் ஆடும்போது உருகிய சோடியமும் உள்ளே ஆடி, தலையின் சூட்டை அள்ளிக்கொண்டு தண்டுக்குக் கொண்டுசேர்க்கும்.

இரண்டாவது பலவீனம், கண்ணுக்குத் தெரியாதது. இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனம் புதிய 350 சிசி வண்டியை 1925ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் ஏமாற்றத்துடன் திரும்பியது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வால்வு உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று பெர்சி குட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் முடிவு செய்தார்கள். சுழலும் பொருளின் வேகத்துக்குச் சரியாக விட்டு விட்டு ஒளிரும் ஒரு விளக்கை எஞ்சின்மீது பாய்ச்சினார்கள். அந்த ஒளியில், பறக்கும் வால்வு நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். ஏட்டில் வரைந்தபடி வால்வு கேமைப் பின்தொடரவில்லை என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். கேமின் வடிவத்தைத் திருத்தினார்கள். 1926இல் அதே வண்டிவகையை ஓட்டிய அலெக் பென்னட் பத்து நிமிடங்களுக்கும் மேலான முன்னணியில் வெற்றி பெற்றார்.

மாணவச் செல்வங்களே, இதை நீங்கள் மனத்தில் பதிக்க வேண்டும். புதிதாக ஒரு பெரிய எஞ்சினைச் செய்து அவர்கள் வெல்லவில்லை. ஊகிப்பதை நிறுத்தி, உற்றுப் பார்த்ததால் வென்றார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை ஸ்பிரிங். எஞ்சின் மிக வேகமாகச் சுழன்றால், ஸ்பிரிங் வால்வை மூடுவதற்குள் கேம் அடுத்த சுற்றுக்கு வந்துவிடும். வால்வு இடையில் மிதக்கும். மிதக்கும் வால்வைப் பிஸ்டன் வந்து முட்டினால் எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்தது. இத்தாலியில் டுகாட்டி நிறுவனத்தின் பொறியியலாளர் ஃபேபியோ டாக்லியோனி, ஸ்பிரிங்கை நம்பாமல், வால்வைத் திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம் என்று அமைத்தார். இதை டெஸ்மோட்ரோமிக் முறை என்பார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1954, 1955ஆம் ஆண்டுகளில் பந்தயக் காரில் இம்முறையைக் கையாண்டிருந்தது. டாக்லியோனியின் 125 சிசி மோட்டார் சைக்கிள் 1956இல் சுவீடன் கிராண்ட் பிரிக்ஸில் கலந்துகொண்ட முதல் பந்தயத்திலேயே வென்றது. அதை ஓட்டிய ஜியான்னி டெக்லி அந்தோனி அதே ஆண்டில் மோன்சா திடலில் பயிற்சியின்போது உயிரிழந்தார். வேகத்தின் வரலாற்றில் இத்தகைய பெயர்கள் பல உண்டு. அதை நாம் மறைத்துப் பேசக்கூடாது.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் வேறு வழியில் சென்றது. மான் தீவுப் பந்தயத்தில் கலந்துகொள்வோம் என்று சோய்ச்சிரோ ஹோண்டா 1954இல் அறிவித்தார். 1959இல் அவருடைய வண்டிகள் அங்கே வந்தன. நவோமி தனிகுச்சி 125 சிசி பிரிவில் ஆறாவது இடம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1961இல், மைக் ஹேல்வுட் ஹோண்டா வண்டிகளில் 125, 250 இரு பிரிவுகளிலும் வென்றார். ஹோண்டாவின் வழி எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது. கனமான கதவை விரைவாக மூடுவது கடினம். ஆகவே ஒரு பெரிய கதவுக்குப் பதிலாக இரண்டு சிறிய கதவுகளை வைத்தார்கள். சிறிய வால்வு எடை குறைந்தது. அதை ஸ்பிரிங்கினால் எளிதில் அடக்க முடியும்.

1966இல் ஹோண்டா ஓட்டிய 125 சிசி பந்தய வண்டியில் ஐந்து சிலிண்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கொள்ளளவு 25 கன சென்டிமீட்டர்தான். இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கும் சிறு கிண்ணத்தின் அளவு. அதற்குள் நான்கு வால்வுகள். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுழன்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 10,000 முறை, அதாவது ஒரு விநாடியில் 166 முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். நாம் ஒரு முறை கண்ணிமைப்பதற்குள் எத்தனையோ முறை!

அதன்பின் இரண்டு வீச்சு எஞ்சின்கள் பந்தயத்தில் ஓங்கின. அவற்றில் இப்படிப்பட்ட வால்வுகளே கிடையாது. 1975 முதல் 2001 வரை 500 சிசி உலகப் பட்டம் முழுவதும் இரண்டு வீச்சு வண்டிகளுக்கே சென்றது. 2002இல் விதிகள் மாற்றப்பட்டு, நான்கு வீச்சு எஞ்சின்கள் மோட்டோ ஜிபி என்ற பெயரில் மீண்டும் வந்தன. ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்தப்பட்ட வாயுவால் வால்வை மூடும் முறையும் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. டுகாட்டி மட்டும் பழைய டெஸ்மோ முறையை விடவில்லை. 2007இல் கேசி ஸ்டோனர் அந்த முறையில் அமைந்த வண்டியில் உலகப் பட்டம் வென்றார்.

நம் நாடுகளிலும் பந்தய வரலாறு உண்டு. சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரிக்ஸ் நடந்தது. கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் ஓடின. மலேசியாவில் பத்து தீகா திடல் 1968இல் திறக்கப்பட்டது. ஷா ஆலாம் திடல் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த இடத்தில் 1991இல் முதல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் நடந்தது. 1999இல் அது சிப்பாங்குக்கு மாறியது. 1994இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் பந்தயமோ நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் ஓடுபவை நம் வீட்டுக் கப்சாய் வகையைச் சேர்ந்த வண்டிகளே.

சரி, திடலில் ஓடும் வண்டியின் வால்வை இயந்திரப் பணியாளர்கள் எப்படிப் பேணுகிறார்கள்? அவர்கள் கிலோமீட்டரைக் கணக்கிடுவதில்லை, எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஏனென்றால் திடலில் ஒரு மணி நேரம் எஞ்சின் படும் பாடு, சாலையில் பல நாள் படும் பாட்டுக்குச் சமம். ஸ்பிரிங் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், குறித்த மணி நேரம் ஓடியதும் அதை மாற்றிவிடுகிறார்கள். டேப்பட் இடைவெளியை அளந்து ஏட்டில் எழுதி, சென்ற முறை எழுதியதோடு ஒப்பிடுகிறார்கள். தேவைப்பட்டால் காசு போன்ற சிறு தகட்டை மாற்றி இடைவெளியைச் சரிசெய்கிறார்கள்.

இங்கேதான் நேயர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி இருக்கிறது. வால்வுத் தொகுதி இரண்டு விதமாகத் தேய்கிறது. எண்ணெய் குறைந்தோ கெட்டோ போனால் கேமும் அதன்மேல் உராயும் உறுப்பும் தேயும். அப்போது இடைவெளி கூடும். "டிக் டிக்" என்று ஓசை கேட்கும். ஓசை கேட்டவுடன் நாம் பட்டறைக்குப் போய்விடுவோம். இன்னொரு தேய்மானம் வேறு விதம். வால்வு இலட்சக்கணக்கான முறை இருக்கையில் மோதி மோதி, விளிம்பும் இருக்கையும் தேய்ந்து, வால்வு சிறிது சிறிதாக மேலே ஏறிவிடும். அப்போது இடைவெளி குறையும். ஓசையும் குறையும். வண்டி முன்னைவிட அமைதியாக ஓடுகிறதே என்று நாம் மகிழ்வோம். ஆனால் இடைவெளி முழுவதும் மறைந்த நாளில், சூட்டில் நீண்ட வால்வு முழுதாக மூட முடியாமல் நிற்கும். நாம் முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். சரியாக உட்காராத வால்வுக்குக் குளிர வழியில்லை. அழுத்தம் கசியும், காலையில் வண்டி கிளம்ப அடம் பிடிக்கும், மேட்டில் இழுக்காது. முடிவில் வால்வு எரிந்துபோகும்.

ஓசை தருகிற கோளாறு நம்மை எச்சரிக்கிறது. ஓசையில்லாத கோளாறை அளந்து பார்த்தால்தான் தெரியும். நூறாண்டுக்கு மேற்பட்ட பந்தய வரலாறு நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே.

இனி நம் வாசலில் நிற்கும் வண்டிக்கு வருவோம். ஹோண்டாவின் சூப்பர் கப் 1958இல் பிறந்தது. முதல் வண்டியின் எஞ்சின் 49 சிசி, நாலரைக் குதிரைத் திறன். 1960களில் கேம் சிலிண்டர் தலைக்கு ஏறியது. பினாங்கில் இளவயதில் பட்டறையில் தொழில் பழகிய லோ பூன் சியூ, 1950களின் இறுதியில் ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். கப் என்ற பெயரோடு சிறியது என்று பொருள்படும் சீனச் சொல்லும் சேர்ந்து கப்சாய் ஆயிற்று. 2017இல் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்து கோடியைத் தாண்டியது.

பழைய கப் வகைகள் பலவற்றில் டேப்பட் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். நம் தலைமயிரின் பருமன் அளவுதான்! வேறு வண்டிகளுக்கு அளவு வேறுபடும். வண்டியோடு வரும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அளக்கும் முறை கடினமானதன்று. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் அளப்பது சிறப்பு. மூடிகளைக் கழற்றி, சக்கரத்திலுள்ள டி என்ற ஆங்கில எழுத்துக் குறி எஞ்சினின் குறிக்கு நேராக வரும்வரை எஞ்சினை மெல்லச் சுழற்ற வேண்டும். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கிறதா, கைவிரலால் ஆட்டினால் இரண்டிலும் சிறு அசைவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும். பிறகு பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். தகடு இலேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் அளவு சரி. திருகைச் சரிசெய்து, நட்டை இறுக்கிய பின் மறுபடியும் ஒரு முறை அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறிவிடுவதுண்டு.

தொழில் தெரியாதவர்கள் பட்டறைக்கே கொண்டுபோகலாம். ஆனால், "டேப்பட்டை அளந்து பாருங்கள்" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெயையும் காலத்தோடு மாற்ற வேண்டும். கப்சாய் எஞ்சினில் இருக்கும் எண்ணெய் ஏறத்தாழ ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு. கேமையும் கியரையும் காப்பது அந்தச் சிறிதளவு எண்ணெய்தான். செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியையும் அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டும். உள்ளே போகும் புழுதி, வால்வுத் தண்டையும் அது ஆடும் துளையையும் அரம்போல் அராவிவிடும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வேகத்தில் ஆசை வருவது வயதின் இயல்பு. ஆனால் பந்தய வண்டிக்குப் பின்னால் அளந்து பார்க்கும் கைகளும், திருப்பத்துக்கு வெளியே மணற்பரப்பும், அருகிலேயே மருத்துவரும் இருக்கிறார்கள். நள்ளிரவில் பொதுச் சாலையில் ஓட்டும் தம்பிக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. வீட்டில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் தாய் மட்டுமே இருக்கிறாள். எஞ்சின்மீது ஆர்வம் உள்ள பிள்ளைக்குத் தொழிற்பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. அந்த ஆர்வத்தைப் பெற்றோர் ஏசி அடக்காமல், கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து வளர்க்க வேண்டும்.

வென்றவர்களின் பெயர்களைப் பந்தய வரலாறு பொன்னெழுத்தில் எழுதிவைத்திருக்கிறது. முதல் நாள் இரவு விளக்கடியில் குனிந்து, மயிரிழை இடைவெளியை அளந்து ஏட்டில் எழுதியவர்களுள் பலருடைய பெயர் அதில் இல்லை. ஆயினும் அவர்கள் இல்லாமல் ஒரு வெற்றியும் இல்லை. நாள்தோறும் காலையில் மண் சாலையில் நம்மைச் சுமந்து சென்று, மாலையில் பத்திரமாக வீடு சேர்க்கும் வண்டிக்கும் அத்தகைய ஒரு கை வேண்டும். அந்தக் கை நம் வீட்டிலேயே இருக்கட்டும்.